மினிடிவி ஹேண்டிகேமைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணிலிருந்து இறக்கிய பழைய ஹேண்டிகேமும், அதற்குள் மாட்டிக்கொண்ட கல்யாணக் கேசட்டுமாக உட்கார்ந்து ஸ்குரூ டிரைவர் தேடுபவர்களுக்கான பக்கம் இது. மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட் போடும் கேமராக்களைப் பற்றித்தான் பேச்சு. ஹார்ட் டிஸ்க் கேமராவுக்கு கடைசிக்கு முன் ஒரு சின்னப் பதில் இருக்கிறது. மாடலுக்கு மாடல் திருகுகளின் இடம் மாறும். உள்ளே இருக்கும் இயந்திரம் அவ்வளவாக மாறாது.

கட்டாயம் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். திருகில் கை வைப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி செத்திருந்தால் கேமரா செத்துவிட்டதாக அர்த்தமில்லை. பல ஆண்டுகள் சும்மா கிடந்த 7.2 வோல்ட் லித்தியம் பேட்டரி சார்ஜே ஏறாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரில் நேரடியாக ஓட்டுங்கள். சோனி கேமராக்களின் அடாப்டர் பொதுவாக 8.4 வோல்ட். வேறு வோல்ட் உள்ள லேப்டாப் சார்ஜரின் பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிப் பார்க்காதீர்கள்.

பல சோனி மாடல்களில் ஊசி நுனியால் அழுத்தும் ரீசெட் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் தேதியும் அமைப்புகளும் அழியும், கேசட்டில் இருப்பது அழியாது. மற்ற கம்பெனிக் கேமராக்களில் அடாப்டர், பேட்டரி இரண்டையும் எடுத்துச் சில நிமிடம் விட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில், ஹெட்டை (நாடாவைப் படிக்கும் சின்னச் சில்லு) சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் கேசட். உலர் வகையை அதன் உறையில் போட்டிருக்கும் நேரம் மட்டும், வழக்கமாக 10 விநாடி, ஓட்டுங்கள். அரை நிமிடம் ஓடினால் இன்னும் சுத்தமாகும் என்று நினைப்பது தப்பு. அது உப்புத்தாள் மாதிரி ஹெட்டைத் தேய்க்கிற சமாச்சாரம்.

திரையில் சி:21, சி:31, சி:32 என்று ஏதோ வருகிறது. அப்படியென்றால்?

சோனி கேமராக்கள் தாமே சொல்லும் குறை எண்கள் அவை. சி:21 என்றால் உள்ளே ஈரம் படிந்திருக்கிறது. ஏசி அறையிலிருந்து மழைக்கால வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் குளிர்ந்த டிரம்மின் (ஹெட் பதித்த, சுழலும் உருளை) மேல் பனி கட்டும். அதில் நாடா பட்டால் ஈரத்தாள் கண்ணாடியில் ஒட்டுவது போல ஒட்டிக்கொள்ளும் என்பதால் கேமரா ஓட மறுக்கிறது. கேசட் உள்ளே இல்லாவிட்டால் கதவைத் திறந்து ஒரு மணி நேரம் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். நாள் கணக்கில் காய்ந்த பிறகும் அதே எண் வந்தால் ஈர உணரியிலோ அதன் இணைப்பிலோ கோளாறு.

சி:31, சி:32 இரண்டும் இயந்திரப் பகுதியின் புகார்: நாடாவை ஏற்றும் மோட்டார் குறித்த நேரத்தில் போய்ச் சேரவில்லை, ரீல் சுற்றவில்லை, டிரம் அல்லது கேப்ஸ்டன் (நாடாவை ஓட்டும் தண்டு) சுழலவில்லை என்பது போல. ஒருமுறை வந்துபோனால் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் வந்தால் திறந்து பார்க்க வேண்டியதுதான். இ:61 என்பது லென்ஸின் ஃபோகஸ் பற்றியது, கேசட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேமராவில் நீங்கள் செய்ய வேண்டியது பழைய கேசட்டை ஓட்டிக் கணினிக்கு ஏற்றுவது மட்டும் என்றால் இ:61-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

நல்ல ஸ்குரூ டிரைவர் இரண்டு. பிலிப்ஸ் 0, பிலிப்ஸ் 00. ஜப்பான் கேமராக்களின் திருகுகளுக்கு அந்த அளவிலேயே ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனைதான் சரியாகப் பிடிக்கும். சாதாரண பிலிப்ஸ் முனை மேலேறி வழுக்கித் திருகின் தலையை மொட்டையாக்கும். திருகுகள் 1.7 மி.மீ., 2 மி.மீ. தடிமனில் இருக்கும். மொட்டையாகிப்போனால் துளைத்து எடுப்பது பெரும்பாடு.

அதோடு பிளாஸ்டிக் நெம்புகோல் (பழைய கிட்டார் பிக் போதும்), வளைந்த முனையுள்ள ட்வீசர், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நார் விடாத ஷாமி தோல் அல்லது மைக்ரோஃபைபர் துண்டு, நைட்ரைல் கையுறை, மல்டிமீட்டர். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் பயன்படுத்தும் சாமான்தான் எல்லாம். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹால் கூடாது. மீதி 30 சதவீதம் பெரும்பாலும் தண்ணீர்.

காந்தம் பூசிய ஸ்குரூ டிரைவரை வெளிக்கூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரம் பக்கம் அது வரக்கூடாது. திருகு வைக்கும் காந்தத் தட்டின் மேல் கேசட்டை வைத்துவிட்டுத் தேடியவர்களும் உண்டு.

உள்ளே ஷாக் அடிக்குமா?

போட்டோ எடுக்க ஃபிளாஷ் உள்ள மாடல் என்றால் அடிக்கும். ஃபிளாஷ் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும் நிற்கும். முன்பக்க மூடியைக் கழற்றியதும் உருளை வடிவ மின்தேக்கியைத் தேடுங்கள். 1 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டரின் இரு கால்களிலும் காப்புறை போட்ட கம்பியைப் பற்றவைத்து, மின்தேக்கியின் இரு முனைகளிலும் சில விநாடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரில் சுழி வருகிறதா பாருங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது போர்டுக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

ஆரம்பகால மாடல்களின் எல்சிடி திரைக்குப் பின்னால் எல்இடிக்குப் பதில் மெல்லிய குழல்விளக்கு இருக்கும். அதன் இன்வெர்ட்டர் ஓடும்போது சில நூறு வோல்ட் தரும். திரையைக் கழற்றிய நிலையில் கேமராவை ஆன் செய்து சோதிக்கிறவர்கள் அந்தப் பலகையைத் தொட வேண்டாம்.

எந்த வரிசையில் கழற்றுவது?

பேட்டரி, அடாப்டர், மெமரி கார்டு, வெளியே வருமானால் கேசட், இவை முதலில். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் கேமராவின் ஆறு பக்கங்களையும் கோட்டோவியமாக வரைந்து, எடுக்கும் ஒவ்வொரு திருகையும் அதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேறாக இருக்கும். குட்டைத் துளையில் நீளத் திருகு ஏறினால் எதிர்ப்பக்கம் உள்ள பட்டை கேபிளையோ போர்டையோ போய்க் குத்தும். மாட்டிய பிறகு வரும் புதுக் கோளாறுகளுக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும்.

பெரும்பாலான கைக்கடக்கமான மாடல்களில் வரிசை இப்படிப் போகும். கைப்பட்டையை விலக்கி அதன் அடியில் ஒளிந்திருக்கும் திருகுகள். கேசட் கதவைத் திறந்து வெளி மூடியின் இரண்டு திருகுகள். அடிப்பக்கம் ட்ரைபாட் துளையைச் சுற்றி உள்ளவை. எல்சிடி திரையைத் திறந்தால் தெரிபவை. ரப்பர் மூடிகளுக்குப் பின்னால் ஒன்றிரண்டு. எல்லாம் எடுத்த பிறகு முன்பக்கத் துண்டு தனியாக வரும். அப்புறம் கேசட் பக்கக் கூடு, கடைசியில் திரை உள்ள பக்கம்.

வரவில்லையா? இழுக்காதீர்கள். ஒரு திருகு பாக்கி இருக்கிறது, அல்லது கொக்கி விடுபடவில்லை. எதிலே பிடிக்கிறது என்று விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். கூடு ஒரு விரல் இடைவெளி விட்டதும் நிறுத்துங்கள். அங்கே நிச்சயம் ஒரு பட்டை கேபிள் இரு பாதிகளையும் இணைத்துக்கொண்டிருக்கும். கழற்றுபவர்கள் கேமராவைக் கொல்லும் இடம் இதுதான்.

சோனி மாடல்களுக்கு லெவல் 2 சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு திருகும் எண் போட்ட படம் இருக்கும். கிடைத்தால் அச்சடித்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை கேபிளைச் சேதமில்லாமல் எப்படி எடுப்பது?

இணைப்பானில் இரண்டு வகை. ஒன்றில் மெல்லிய மடிப்பு இருக்கும், பெட்டி மூடியைத் திறப்பது போல நகத்தால் மேலே தூக்க வேண்டும். மற்றதில் இரு ஓரத்திலும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டையும் சமமாக ஒரு மி.மீ. அளவு வெளியே இழுக்க வேண்டும். பூட்டு திறந்ததும் கேபிள் தானே கழன்று வரும். பலம் கொடுக்க வேண்டியிருந்தால் பூட்டு இன்னும் திறக்கவில்லை. பூட்டே இல்லாத, அழுத்திச் செருகும் வகையும் சில இடங்களில் உண்டு. பூட்டு உண்மையிலேயே இல்லை என்று பூதக்கண்ணாடியில் உறுதிசெய்துவிட்டு நேர்க்கோட்டில் இழுங்கள்.

எடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் மேல் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு இருந்தால், திரும்பப் போடும்போது அந்தக் கோடு இணைப்பானின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் சேர்ந்துவிடும். கம்பிகளுக்கிடையே இடைவெளி அரை மி.மீ.தான். சிலவற்றில் அதுவும் இல்லை. கிழிந்த கேபிளைப் பற்றவைத்துச் சரிசெய்யும் யோசனையை விட்டுவிட்டு, அதே மாடலின் உடைந்த கேமரா ஒன்றைத் தேடுங்கள்.

கேசட் உள்ளே மாட்டிக்கொண்டது. நாடாவைக் கெடுக்காமல் எடுக்க வழி?

இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பலர் இதற்காகத்தான் வருகிறார்கள், ஆகவே விரிவாகவே சொல்கிறோம்.

கேசட்டை உள்ளே தள்ளியதும் என்ன நடக்கிறது? கூடு கீழே இறங்குகிறது, கேசட்டின் முன்மூடி திறக்கிறது, இரண்டு வழிகாட்டித் தூண்கள் நாடாவுக்குப் பின்னால் நுழைந்து அதை வெளியே இழுத்துக்கொண்டு போய் டிரம்மைச் சுற்றிப் போர்த்துகின்றன. இத்தனையையும் செய்வது ஒரே ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் ஒரு புழுப் பற்சக்கரம். எஜெக்ட் அழுத்தினால் இதே வேலை தலைகீழாக நடக்கும். நடுவழியில் நின்றுவிட்டால் நாடா டிரம்மில் போர்த்தியபடியே இருக்கும். அந்த நிலையில் கேசட் கூட்டை நெம்பித் தூக்குபவர் கையில் கேசட் வரும், நாடா வராது.

முதலில் சுலபமான வழி. அடாப்டரை இணையுங்கள் (பலவீனமான பேட்டரியில் பாதியில் நிற்பது மிகச் சாதாரணம்). கேமராவைக் கேசட் கதவு மேலே பார்க்கும்படி பிடித்து எஜெக்ட் நெம்புகோலை நகர்த்தி, மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். சத்தம் கேட்டுக் கூடு எழும்பவில்லை என்றால் வெளி மூடி எங்கோ இடிக்கிறது. அந்த மூடியின் இரண்டு திருகுகளை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். கேசட் வெளியே வருவதற்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

சத்தமே இல்லை என்றால் கூட்டைக் கழற்ற வேண்டும். இயந்திரப் பகுதி தெரிந்ததும் ஓரத்தில் அந்த ஏற்று மோட்டாரைக் கண்டுபிடியுங்கள். விரல் நகத்தளவு உருளை, இரண்டு மின்முனை. இயந்திரத்திலிருந்து போர்டுக்குப் போகும் பட்டை கேபிளை எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் நீங்கள் கொடுக்கும் மின்சாரம் போர்டில் உள்ள ஐசிக்குள் பின்வழியாகப் பாயும். பிறகு இரண்டு அல்லது மூன்று பென்சில் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, அதாவது 3 முதல் 4.5 வோல்ட், மோட்டாரின் முனைகளைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஒரு தொடுதல் அரை விநாடி. தூண்கள் டிரம்மை நோக்கிப் போனால் பிளஸ் மைனஸை மாற்றுங்கள்.

இப்போது கவனம். தூண்கள் பின்வாங்கும்போது நாடா தளர்ந்து தொங்கும். சாதாரணமாக ஓடும்போது ரீல் மோட்டார் அதைச் சுருட்டிக்கொள்ளும், இப்போது அது ஓடவில்லை. எனவே ஒவ்வொரு இரண்டு மூன்று தொடுதலுக்கும் நின்று, கேசட்டுக்கு அடியில் ரீலைச் சுழற்றும் பற்சக்கரத்தையோ சின்ன பெல்ட்டையோ ட்வீசரால் நகர்த்தித் தளர்ந்த நாடாவைச் சுருட்டுங்கள். நாடா நேராகும் வரை போதும், இறுக்க வேண்டாம். இதைச் செய்யாமல் கடைசி வரை ஓட்டிக் கூட்டைத் திறந்தால் தொங்கும் நாடா கேசட்டின் முன்மூடியில் சிக்கி மடியும். மடிப்பு விழுந்த இடத்தில் சில விநாடிப் படம் போகும்.

மோட்டாரே எரிந்துபோயிருந்தால் புழுப் பற்சக்கரத்தை ட்வீசர் நுனியால் ஒவ்வொரு பல்லாகச் சுழற்றலாம். பொறுமை வேண்டும், அரை மணி நேரம் ஆகலாம். ஆனால் நாடா பிழைக்கும்.

நாடாவை வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெயில் தூசி ஒட்டும், அது அடுத்த ஓட்டத்தில் ஹெட்டுக்குப் போகும். பின்ச் ரோலரில் (நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளை) சுற்றிக்கொண்டிருந்தால் ரோலரைத் திருப்பிச் சுழற்றி விடுவியுங்கள். இழுத்து நீட்டிவிட்ட நாடாவில் பதிவு போச்சு என்றே வைத்துக்கொள்ளலாம்.

எதுவுமே முடியாமல் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சிக்கிய பகுதியை மட்டும் கூரான கத்திரியால் நேராக வெட்டுங்கள். வெட்டிய இரு துண்டுகளை டேப் போட்டு ஒட்டி மறுபடி ஓட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஒட்டிய இடம் டிரம்மைக் கடக்கும்போது ஹெட்டைப் பெயர்த்துவிடும். இரண்டு பாதிகளையும் இரண்டு வேறு காலிக் கேசட் கூடுகளில் தனித்தனியாக மாற்றி ஓட்டுவதுதான் முறை.

எடுத்த கேசட்டை உடனே வேறு கேமராவில் போட்டுப் பார்க்கலாமா?

முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். ரீலின் மேல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொடி தெரிந்தால் பூஞ்சை. மழையும் கடற்காற்றும் உள்ள ஊர்களில் அலமாரியில் கிடந்த கேசட்டுகளில் இது சகஜம். அப்படியே ஓட்டினால் நல்ல கேமராவின் ஹெட்டும் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். கேசட்டைச் சிலிகா ஜெல் பாக்கெட்டுகளோடு காற்றுப்புகா டப்பாவில் சில நாள் வைத்துக் காயவிட்டு, உள்ளே நாடாவைத் துடைத்துச் சுருட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பூஞ்சை இல்லையென்றால் ஓட்டலாம். முதலில் ஒருமுறை கடைசி வரை வேகமாகச் சுற்றித் திரும்பச் சுற்றினால் நாடாவின் இழுவிசை சமமாகும்.

ஹெட்டைக் கையால் சுத்தம் செய்வது எப்படி?

எதைத் தொடப்போகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிரம்மின் விட்டம் 21.7 மி.மீ. நிமிடத்துக்கு 9000 சுற்று. நாடாவின் அகலம் 6.35 மி.மீ. அதில் சாய்வாக எழுதப்படும் ஒவ்வொரு தடமும் சாதாரண வேகத்தில் 10 மைக்ரான் அகலம், அதாவது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இந்திய டிவிக்கான பால் (PAL) முறையில் ஒரு படச்சட்டத்துக்கு 12 தடம். அந்தத் தடத்தைப் படிக்கும் ஹெட் டிரம்மின் இடுக்கில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சில்லு, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு. காது குடையும் பஞ்சுக்குச்சியின் நார் அதில் மாட்டினால் சில்லு பெயர்ந்துவிடும். பஞ்சுக்குச்சி கூடவே கூடாது.

ஷாமி தோலை ஆல்கஹாலில் நனைத்துப் பிழியுங்கள். டிரம்மின் பக்கவாட்டில் லேசாகப் பொருத்தி, கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மறுகையின் கையுறை விரலால் டிரம்மின் மேல்தட்டை ஓரமாகத் தொட்டு மெல்லச் சுற்றுங்கள். சுற்ற வேண்டியது டிரம், துணியில்லை. மேலும் கீழுமாக ஒருபோதும் தேய்க்காதீர்கள். மூன்று நான்கு சுற்று போதும். துணியில் பழுப்பாகக் கறை வந்தால் சுத்தமான இடத்தை வைத்து இன்னொருமுறை. பிறகு வழிகாட்டித் தூண்கள், கேப்ஸ்டன் தண்டு, கடைசியாகப் பின்ச் ரோலர். ரப்பரை ஆல்கஹாலில் ஊறவிடாமல் ஒரு துடைப்பு துடைத்து உடனே உலர்த்துங்கள், இல்லாவிட்டால் ரப்பர் வெடிக்கும். பத்து நிமிடம் காற்றாடவிட்டு, வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள்.

படுக்கைவாட்டில் பட்டை பட்டையாக ஒன்று விட்டு ஒன்று கட்டம் விழுகிறதா? இரண்டு ஹெட்டில் ஒன்று மட்டும் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். எல்லாக் கேசட்டும் நன்றாக ஓடி ஒரே ஒரு கேசட்டில் மட்டும் கட்டம் விழுந்தால் அழுக்கைச் சந்தேகிக்காதீர்கள். அந்தக் கேசட் எல்பி வேகத்தில் (60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பிடிக்கும் மெதுவான வேகம்) வேறொரு கேமராவில் பதிவானதாக இருக்கலாம். எல்பியில் தடம் 6.67 மைக்ரான் ஆகச் சுருங்கிவிடுவதால் ஒரு கேமராவில் எழுதியதை இன்னொன்று படிக்கத் தடுமாறும். பதிவுசெய்த அதே கேமரா வீட்டில் கிடந்தால், அதைப் பழுதுபார்ப்பதுதான் அந்தக் கேசட்டுக்கு வழி.

வழிகாட்டித் தூண்களின் தலையில் திருகு இருக்கிறதே, அதைத் திருப்பினால் படம் சரியாகுமாமே?

அந்தத் திருகு நாடாவின் உயரத்தை நிர்ணயிக்கிறது. தொழிற்சாலையில் அளவு நாடா ஓட்டி, ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பார்த்து வைத்த இடம். அரைச் சுற்று திருப்பினால் ஒரு கேசட் சரியாகி மற்றவை எல்லாம் கெடும். பழைய இடம் எது என்று பிறகு யாருக்கும் தெரியாது. தொடாதீர்கள்.

எஜெக்ட் கூடு தடுமாறுகிறது, பாதியில் நிற்கிறது. எண்ணெய் விடலாமா?

எண்ணெய் வேண்டாம். டபிள்யூடி-40-ஐத் தெளிப்பது அதைவிட மோசம், அது ஓடிப்போய் பின்ச் ரோலரிலும் டிரம்மிலும் ஏறும். இருபது ஆண்டில் கெட்டியாகிப்போன பழைய கிரீஸ்தான் வழக்கமான காரணம். சறுக்குத் தகடுகளிலும் பற்சக்கரத்திலும் உள்ள மஞ்சள் மெழுகு போன்றதை ஆல்கஹால் துணியால் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற செயற்கை கிரீஸைத் தீக்குச்சி நுனியில் எடுத்துக் கடுகளவு தடவுங்கள்.

துடைத்தும் அதே நிலை என்றால் மோட் சுவிட்சைப் பாருங்கள். இயந்திரம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் சின்ன வட்டச் சுவிட்ச் அது. அதன் தொடுமுனை கறுத்துப்போனால் கேமரா குழம்பி, ஏற்றுவதற்குப் பதில் இறக்கும், நடுவில் நிற்கும், சி:32 போடும். கழற்றும்போது சுவிட்சும் பற்சக்கரமும் எந்தப் பல்லில் சேர்ந்திருந்தன என்று மார்க்கர் புள்ளி வைத்துக்கொள்ளாவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

கதவை மூடும்போது பலர் வெளி மூடியை அழுத்துகிறார்கள். உள் கூட்டில் புஷ் என்று எழுதியிருக்கும் இடத்தை அழுத்தி, அது தானாக இறங்கிய பிறகுதான் வெளி மூடி. வளைந்த கூடுகளில் பல இப்படி வளைந்தவைதான்.

பழைய கேசட் நன்றாக ஓடுகிறது. ஆனால் கேமராவாகப் பார்த்தால் கறுப்பாக அல்லது ஊதாக் கோடாக வருகிறது?

லென்ஸ் பின்னால் உள்ள சிசிடி (ஒளியைப் படமாக்கும் சில்லு) போயிருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட சில சோனி சிசிடிகளில், சூடும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் உள்கம்பி இணைப்பு விட்டுப்போகும் கோளாறு 2005இல் வெளியே வந்தது. அந்தச் சிசிடிகளை வாங்கிப் பொருத்திய மற்ற கம்பெனிகளின் கேமராக்களிலும் இதே கதை. இலவசமாக மாற்றித் தந்த காலம் முடிந்துவிட்டது. கேசட் ஓட்ட மட்டும்தான் கேமரா வேண்டும் என்றால் திறக்காதீர்கள்.

லென்ஸ் பிளாக்கைப் பிரிக்கலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். பிரித்துச் சேர்க்கலாம், ஆனால் ஜூமும் ஃபோகஸும் ஒன்றோடொன்று பொருந்தாது. அந்தப் பொருத்தம் போர்டின் நினைவகத்தில் எண்ணாகப் பதிந்திருக்கிறது, மறுபடி எழுத சர்வீஸ் கருவி வேண்டும்.

திரையை ஒரு கோணத்தில் வைத்தால் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் திறந்தால் அணைந்துவிடுகிறது.

கீலுக்குள் சுருண்டு போகும் பட்டை கேபிள் தேய்ந்திருக்கிறது. மாடலுக்குத் தனி உதிரிபாகம். மாற்றுவது கடினமில்லை: திரைக்கூட்டின் நான்கைந்து திருகு, கீல், அவ்வளவுதான். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் சுருட்டியிருந்தது என்பதைப் படம் எடுக்காமல் பிரித்தால்தான் கஷ்டம். இது கிடைக்கும் வரை வியூஃபைண்டரிலோ, ஏவி வயரை டிவியில் செருகியோ பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறது.

உள்ளே உள்ள காசு பேட்டரி வற்றிவிட்டது. அடாப்டரில் 24 மணி நேரம் இணைத்து வையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் மாற்ற வேண்டும். சார்ஜ் ஏறும் வகை இருந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண சிஆர்2025-ஐப் பற்றவைக்காதீர்கள். கேமரா அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், பேட்டரி ஒழுகும். சில மாடல்களில் சிஆர் வகையே, வெளியிலிருந்து திறக்கும் சின்ன மூடிக்குள் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

கேமரா உயிரே இல்லாமல் கிடக்கிறது. அடாப்டரிலும் விளக்கு எரியவில்லை.

அடாப்டரின் முனையில் வோல்ட் வருகிறதா என்று அளந்துவிட்டு, கேமராவின் மின் நுழைவுக் குழி ஆடுகிறதா பாருங்கள். அதன் பற்று விட்டிருப்பது அடிக்கடி நடப்பது. பிறகு போர்டில் அந்த நுழைவுக்கு அருகே உள்ள அரிசியளவு ஃபியூஸ். மல்டிமீட்டரின் பீப் நிலையில் இரு முனையையும் தொட்டால் சத்தம் வர வேண்டும். கம்பியைக் குறுக்கே பற்றவைத்து ஓட்டிவிடுவது வழக்கத்தில் உண்டு. எரிந்ததற்குக் காரணம் தெரியாமல் அப்படிச் செய்தால் அடுத்து எரிவது போர்டு.

ஃபயர்வயர் (கேசட் படத்தைக் கணினிக்கு ஏற்றும் டிஜிட்டல் இணைப்பு) வேலை செய்யவில்லை என்றால் கேபிளையும் கணினியையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் கேமராவைச் சந்தேகிக்க வேண்டும். கணினிப் பக்கத்து ஆறு முள் செருகியைத் தலைகீழாக அழுத்தினால் மின்சாரம் தரவுக் கம்பியில் ஏறி கேமராவின் ஐசி போய்விடும். இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். அந்த ஐசி போனால் ஏவி வயர் வழியாகப் பிடிப்பதுதான் மிச்ச வழி, தரம் குறையும்.

கடல் தண்ணீரில் விழுந்துவிட்டது.

ஆன் செய்யாதீர்கள், பேட்டரியை உடனே எடுங்கள். கேமரா பெரும்பாலும் பிழைக்காது. உப்பு சில நாளில் இணைப்பான்களைப் பச்சையாக்கிவிடும். கேசட்டைப் பிழைக்கவைக்கப் பாருங்கள்: காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி உப்பை நீக்கி, நிழலில், மின்விசிறிக் காற்றில் நாள் கணக்கில் உலரட்டும். வெயில் வேண்டாம். அரிசி மூட்டையும் வேண்டாம், மாவு நாடாவுக்குள் போகும்.

ஹார்ட் டிஸ்க் ஹேண்டிகேமுக்கும் இதே முறையா?

கூட்டைத் திறப்பது ஒரே மாதிரிதான். உள்ளே 1.8 அங்குல டிஸ்க், மெல்லிய பட்டை கேபிளில். படம் கிடைக்கவில்லை என்றால் யுஎஸ்பியில் திறந்து பாருங்கள். அதுவும் முடியாதபோதுதான் டிஸ்க்கை எடுத்து அதற்குரிய அடாப்டரில் மாட்ட வேண்டும். கேமராவைக் கீழே போட்ட பிறகு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதை நிறுத்துங்கள்.

பழுதுபார்க்க முடியவில்லை. எதை எடுத்து வைக்கலாம்?

இயந்திரப் பகுதியை முழுதாக, டிரம்மோடு. டிரம்மை மட்டும் பிரித்து வேறொன்றில் மாட்டினால் நாடாவின் பாதையை முதலிலிருந்து சீர் செய்ய வேண்டியிருக்கும், முழு இயந்திரமாக மாற்றினால் அந்தத் தொல்லை குறைவு. அதே மாடலின் இன்னொரு கேமரா கிடைத்தால் இதை அப்படியே இறக்கலாம். கூடவே எல்சிடியைக் கீலோடு, கேசட் கதவு, ஏற்று மோட்டார், எஜெக்ட் நெம்புகோல், திருகுகள் ஒட்டிய அந்தத் தாள். டிரம்மைச் சுற்றிச் சுத்தமான தாளைத் தளர்வாகச் சுருட்டி, கண்ணாடிப் பாட்டிலுக்குப் பதில் நசுங்காத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு மூடி, மேலே மாடல் எண்ணை எழுதி வையுங்கள்.